பத்து ஒன்பது

போன சனிக்கிழமை புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேட்டி எடுத்தேன். 640 ரூபாய். ஜிபே, கார்டு எதுவும் இல்லை, பணமாகவே எண்ணிக் கொடுத்தேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சார், போன் நம்பர் சொல்லுங்க."

"நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க."

"நம்பர் போடலைன்னா பில் வராது சார்."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு. அவருக்குப் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். அந்த உச்சுக்கு இருக்கிற பலம் நம் நாட்டில் எந்தச் சட்டத்துக்கும் கிடையாது. நம்மில் பாதிப் பேர் நம்பரைச் சொல்லிவிடுவது கடைக்காரருக்குப் பயந்து இல்லை, பின்னால் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்பதற்காகத்தான். நானும் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அந்தப் பெண்ணே என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீபோர்டில் ஒரே விரலால் டபடபவென்று பத்து ஒன்பது அடித்தாள். பில் வந்துவிட்டது.

வெளியே வந்து பில்லைப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: உங்கள் கணக்கில் 11,000 சொச்சம் பாயின்ட் சேர்ந்திருக்கிறது, அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஊரில் நம்பர் தர மறுத்த அத்தனை பேரும் சேர்ந்து சேர்த்த சொத்து அது. என்னை மாதிரிப் பைத்தியங்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

சட்டப்படி நான் அங்கே சண்டை போட்டிருக்கலாம். 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது, அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சில்லறைக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டது, அவ்வளவுதான். மாதச் சம்பளத்துக்குப் பத்து மணி நேரம் நின்றுகொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம் போய் நான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பேசினால் அதைவிடக் கேவலம் கிடையாது. நம்பர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாத மாதிரி சாஃப்ட்வேர் எழுதச் சொன்னவர் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்வதே இல்லை. என்னைக் கேட்டால் இதில் பெரிய அநியாயமே அதுதான். வம்பு நடப்பதெல்லாம் இரண்டு அப்பாவிகளுக்கு நடுவில்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நம்ம நம்பரை வச்சு என்ன பண்ணப் போறாங்க, நாம என்ன கோடீஸ்வரங்களா?" என்றாள். இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான். "தப்பு பண்றவனுக்குத்தானே பயம்" என்று சிலர் சொல்வார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில், திண்ணை வைத்த வீடு. தெருவில் யாருக்கும் எதுவும் ரகசியம் கிடையாது. எங்கள் வீட்டில் அடகுக்குப் போன வளையல், அண்ணன் பெயிலான பாடம், அப்பா யாரிடம் கைமாற்று வாங்கினார் என்பது வரை எதிர்வீட்டுப் பாட்டிக்கு அத்துப்படி. தமிழனுக்கு ஏதுங்க பிரைவசி, அது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சொல்கிறவர்கள் இந்தத் திண்ணையைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் எதிர்வீட்டுப் பாட்டிக்கு எங்கள் கதை தெரியும் என்றால் அவர் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு விருத்தாசலத்துக்குப் போனாள் என்பது எங்களுக்கும் தெரியும். அளவு மீறிப் பேசினால் பதிலுக்குப் பேச எங்களிடமும் சரக்கு இருந்தது. அந்தப் பயத்தில்தான் தெருவே ஒரு மாதிரி மரியாதையோடு நடந்தது. இப்போது என் நம்பரை வைத்திருக்கிறவன் யார், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான், என்னைப் பற்றி இன்னும் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவனைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதைப் போய்த் திண்ணையோடு ஒப்பிடுவதா?

பொண்ணு பிளஸ் டூ எழுதின வருஷம் இது எனக்கு நன்றாக உறைத்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பிள்ளையைப் பெற்ற எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பரீட்சை முடிவதற்கு முன்னாலேயே போன் வர ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு ஏழெட்டு. பெயர் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். "சார், பாப்பா பயோ மேத்ஸ்தானே, ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் போடலாமே சார், சீட் முடிஞ்சிடும்." ஒரு தடவை பொறுமையாக விசாரித்தேன்.

"என் நம்பர் உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"டேட்டாபேஸ்ல இருந்து சார்."

"எந்த டேட்டாபேஸ்?"

"எங்க டேட்டாபேஸ் சார்."

"அதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"அதுல இருந்துச்சு சார்."

இதற்கு மேல் தத்துவம் பேச நம்மால் ஆகாது. ஆனால் ஒரு விஷயம், அந்த போன்கள் வந்தது என் இரண்டாவது சிம்முக்கு. அந்த நம்பரை நான் எழுதிக் கொடுத்தது இரண்டே இடத்தில், இரண்டுமே பொண்ணு படிப்பு சம்பந்தப்பட்ட இடங்கள். இரண்டில் எது என்று எனக்கு ஓரளவு தெரியும், நிரூபிக்க முடியாது. போய்க் கேட்டேன், "நாங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டோம் சார்" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். காபி நன்றாக இருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. வழக்குப் போட்டபோதே எண்பதைத் தாண்டியவர். அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆதார் தீர்ப்பு வந்தது: மானியத்துக்கும் பான் கார்டுக்கும் கேட்கலாம், பேங்க் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயம் ஆக்கக் கூடாது, தனியார் கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கேட்கக் கூடாது. ஒரு நீதிபதி மட்டும் ஆதார் சட்டத்தை நிறைவேற்றிய விதமே தப்பு என்று மாற்றித் தீர்ப்பு எழுதினார். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, மனம் ஒப்பிக் கொடுத்தால் பேங்கும் சிம் கம்பெனியும் வாங்கிக்கொள்ளலாம் என்று பின்வாசலைத் திறந்துவிட்டார்கள். மனம் ஒப்பி! பின்னால் நாலு பேர் உச்சுக் கொட்டிக்கொண்டு நிற்கும்போது மனம் எதற்குத்தான் ஒப்பாது.

அப்புறம் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தப்புச் செய்த நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். விதிகள் வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. அதிலும் எதற்காக நம் தகவலைக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும் என்கிற முக்கியமான கடமைகளுக்கெல்லாம் அங்கிருந்து 18 மாத அவகாசம். அவகாசமே இல்லாமல் உடனே அமலுக்கு வந்த பிரிவுகளில் ஒன்று எது தெரியுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிற பிரிவு. முன்பு ஒரு அதிகாரியின் தனிப்பட்ட தகவல் என்றாலும், பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இடம் இருந்தது. இப்போது தனிப்பட்ட தகவலா, கிடையாது, முடிந்தது. பொதுநலனுக்கு வேறு ஒரு உட்பிரிவு இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கட்டும். வார்டில் ரோடு போட்ட கணக்கை மனுப் போட்டுக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மறுக்க ஒரு வரி கிடைத்தால் போதும் அந்த மேஜைக்கு. ஆக, அரசாங்கத்தின் அந்தரங்கம் உடனே காப்பாற்றப்பட்டது, என் அந்தரங்கம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. போதாததற்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி மத்திய அரசு எந்தத் துறையை வேண்டுமானாலும் இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கலாம்.

நம்பரில் என்ன இருக்கிறது என்று இன்னும் நினைப்பவர்களுக்குப் புதுச்சேரி ஒரு நல்ல பாடம். 30 தொகுதி, மொத்தமே ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டு. சில நூறு ஓட்டில் முடிவாகிற தொகுதிகள் இங்கே உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் ஒரு பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆதாரோடு இணைத்த நம்பர்களுக்கு மட்டும் பாஜக தரப்பிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது, அதைத் தொட்டால் அந்தந்தத் தொகுதியின் வாட்ஸாப் குழுவுக்குப் போகிறது, நம்பர்கள் எங்கிருந்து போயின என்பது புகார். கட்சி மறுத்தது, தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த நம்பர்கள் என்றது. நீதிமன்றம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, மக்கள் கொடுத்த விவரம் எப்படி வெளியே போனது என்று ஆதார் ஆணையமும் பதில் சொல்ல வேண்டும் என்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். எனக்கு உறைத்தது வேறு: எந்த நம்பர் எந்தத் தொகுதி என்று பிரித்து வைத்திருக்கிறவன் கையில் ஒரு தேர்தலே இருக்கிறது. இதை எந்தக் கட்சி செய்தாலும் எனக்கு ஒன்றுதான், எல்லோரும் செய்யத்தான் ஆசைப்படுவார்கள்.

இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவரை வேவு பார்க்க எவ்வளவு செலவு பிடித்தது! 1908-இல் பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் வந்ததிலிருந்து பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் மாறுவேஷத்தில் இங்கேயே வந்து கிடந்தார்கள். வெயிலில் தெருமுனையில் நிற்க வேண்டும், யார் வருகிறார், யார் போகிறார் என்று எழுத வேண்டும், கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். பாரதியாரைப் போலவே இங்கே தஞ்சம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஒரு ஜாடியைப் போட்டுவிட்டுப் போனார்கள், உள்ளே ராஜத்துரோகத் தாள்கள், மாட்டிவிடுவதற்காக. தண்ணீர் சேந்தும்போது அது மேலே வந்துவிட, பாரதியார் யோசனைப்படி அவர்களே பிரெஞ்சு போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற அதே கடலூர்–புதுச்சேரி ரோடு. பத்து வருஷம் தெருமுனையில் நின்ற அந்த ஒற்றர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இன்றைக்கு இருந்தால் பிஸ்கட் பாக்கெட் வாங்கின பில்லிலேயே ஆளைப் பிடித்திருப்பார்கள்.

கடைசியாக ஜெராக்ஸ் கடை. எனக்கு மிகவும் பயம் தருகிற இடம் அதுதான், அதில் அந்தக் கடைக்காரர் தப்பு ஒன்றுமே இல்லை. அம்மாவுக்காக ஒரு அலுவலகத்தில் ஆதார் நகல் கேட்டார்கள். முதல் எட்டு எண்ணை மறைத்து, கடைசி நாலு மட்டும் தெரிகிற ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொண்டுபோனேன். "முழு நம்பர் தெரியணும் சார், இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன, 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைத்ததைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மக்கள் சரியாகப் புரிந்துகொண்டதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன்.

சரி என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "இந்த நம்பருக்கு வாட்ஸாப்ல அனுப்பிடுங்க சார்." அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டரில் தேடும்போது திரை எனக்கும் தெரிந்தது. டெஸ்க்டாப் முழுக்கப் பைல்கள், இடமே இல்லை. ஆதார், ஆதார் நியூ, ஆதார் அம்மா, பேங்க் புக், சாதிச் சான்று, ரேஷன் பைனல், ரேஷன் பைனல் 2. யார் யாரோ குடும்பங்கள். பிரின்ட் எடுத்து முடித்ததும், என் பைலை அழித்துவிடுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் அழித்தார், வாட்ஸாப்பிலும் அழித்தார், நல்ல மனிதர். "அப்படியே ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்களேன்" என்றேன்.

அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "அதுல மத்தவங்களோடதெல்லாம் இருக்கும் சார், நாளைக்கு வந்து கேட்டாங்கன்னா?"