இரண்டாவது கையெழுத்து

ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் என்னிடம் கேட்டார்கள். எவ்வளவு செலவாகும், யார் வீட்டு ஓட்டு யாருக்கு விழும், வீட்டில் சம்மதிப்பார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஜெயித்த பிறகு தினமும் என்ன வேலை இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் 2019 டிசம்பரில் அது தெரியாது. அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் 9 வார்டு உள்ள சின்ன ஊராட்சி. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறேன். நாலாவது வார்டில் நின்று ஜெயித்தேன். 2020 ஜனவரி 6ஆம் தேதி பதவிப் பிரமாணம். 11ஆம் தேதி, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தலில் என்னைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். "எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை, இருக்கட்டும்" என்பதுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்ன காரணம். துணைத்தலைவர் என்றால் தலைவர் ஊரில் இல்லாதபோது நாற்காலியில் உட்காருகிறவர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே ஊராட்சி செயலர் செக் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் அவரைக் கிளார்க் என்றுதான் சொல்வோம். "அக்கா, எல்லா லீஃப்லயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. ஒவ்வொரு தடவையும் உங்களைத் தேடி வந்து தொந்தரவு பண்ண வேண்டாம்ல" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. அதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. தொகை எழுதாத, பெயர் எழுதாத செக்குகள். நானும் போட்டுக் கொடுத்தேன். ஒரு முழுப் புத்தகம்.

பிறகு மக்கள் பிரதிநிதிகளுக்கான பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பாடம் எடுத்தார். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 188 என்று கரும்பலகையில் எழுதி, ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று படித்துக் காட்டினார். ஒரு கையெழுத்து போதாதென்று சட்டம் ஏன் நினைத்தது என்று எங்களையே கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "செலவு பண்றவர் ஒருத்தர், பார்க்கிறவர் இன்னொருத்தர். பார்க்காமப் போட்டா, தணிக்கையில வர்ற கேள்விக்கு நீங்களும் சேர்ந்துதான் பதில் சொல்லணும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலையிலேயே கிளார்க்கைப் பார்த்து, மிச்சமிருந்த லீஃப்களை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்யச் சொன்னேன். அன்றிலிருந்து பில், தீர்மானம், வேலை நடந்ததற்கான அளவு மூன்றையும் பார்க்காமல் நான் பேனாவைத் திறக்கவில்லை.

ஊராட்சியின் ஒரு மாத வேலை என்னவென்று கேட்டால், பெரும்பாலும் தண்ணீரும் விளக்கும்தான். மின்சாரக் கட்டணம், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், தூய்மைக் காவலர்கள் சம்பளம், பிளீச்சிங் பவுடர், எரிந்துபோன தெருவிளக்கு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். உங்கள் ஊர்த் தொட்டியில் என்ன தேதி இருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வரவு என்று பார்த்தால் மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், அப்புறம் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம். 2021-22 முதல் வந்த 15ஆவது நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. "பணம் கெடக்கு, ஒரு நாடக மேடை கட்டக் கூடாதா?" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுண்டு.

இனி மோட்டார் கதை. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது அதில்தான்.

2022 ஏப்ரல் 28, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்னால் டேங்க் ஆபரேட்டர் வந்து கதவைத் தட்டினார். என் அப்பா வயதுக்காரர், என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். "ஆத்தா, மோட்டார் எரிஞ்சு போச்சு. ஸ்டார்ட்டரைப் போட்டா இழுக்க மாட்டேங்குது." காவிரிக் கூட்டுக்குடிநீர் எங்களுக்கு வாரத்தில் சில நாள்தான் வரும், அதுவும் குடிக்க மட்டும்தான் காணும். மற்றதற்கெல்லாம் அந்த ஒரே ஆழ்துளைக் கிணறு. கத்திரி வெயில் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது.

தலைவர் ஆள்களை வரவழைத்தார். முக்காலி நட்டு, செயின் பிளாக் போட்டு, மோட்டாரை மேலே தூக்க ஆரம்பித்தார்கள். 420 அடி ஆழம். 20 அடி நீளத்தில் 21 இரும்புக் குழாய். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே சாய்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய்த் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக் கட்டியையும் அளவெடுக்கிற நோட்டையும் எடுத்து வந்தேன். ஒரு குழாய் வெளியே வந்ததும் அதைத் துணியால் துடைத்து 1, 2, 3 என்று எண் போட்டேன். ஈரத்திலும் துருவிலும் சாக்கு சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்தி எழுத வேண்டியிருந்தது. மரை தேய்ந்தது எது, ஓட்டை விழுந்தது எது என்று ஆள்கள் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜாக்கெட் அளவுகளுக்கு அடுத்த பக்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது: 3, 8, 9, 14, 20. ஐந்து குழாய் மாற்ற வேண்டும். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போடுற மாதிரில்ல நம்பர் போடுற" என்று ஆபரேட்டர் சிரித்தார். ஆனால் எட்டாம் நம்பரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டையைக் காட்டியதும் அவர்தான்.

மோட்டாரைக் காரைக்குடியில் ஒரு வைண்டிங் கடைக்கு அனுப்பினோம். எரிந்துபோன கம்பிச் சுருளை மாற்றிக் கட்ட மூன்று நாள் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை அவசரக் கூட்டம் போட்டுச் செலவுக்குத் தீர்மானம் எடுத்தோம். அந்த மூன்று நாளும் டிராக்டரில் தண்ணீர் எடுத்து ஊற்றினோம், ஒரு வீட்டுக்கு ஐந்து குடம். யார் வீட்டு வாசலில் முதலில் வண்டி நிற்பது என்பதில் சண்டை வந்தது. வார்டு எண் வரிசைப்படி முதல் நாள், மறுநாள் தலைகீழாக என்று வைத்த பிறகுதான் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மே 1, கிராம சபை. எங்கள் அளவு மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். வழக்கமாக வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கும். அன்றைக்கு ஒருவரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் காலிக் குடத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். "நாங்க கட்டுற வரியெல்லாம் எங்க போகுது?" என்று ஒரு அக்கா எழுந்து கேட்டார். தலைவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார், ஆனால் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் மைக்கை வாங்கி, ஏப்ரல் மாத வரவையும் செலவையும் நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்தேன். கரண்ட் பில் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, பல்பு இவ்வளவு, வீட்டு வரி வசூலானது இவ்வளவு. வரி வசூலைச் சொன்னதும் சத்தம் குறைந்தது, ஏனென்றால் பாதி வீடு கட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு அப்பத்தா கேட்டார்: "எல்லாரும் கட்டிப்புட்டா, இன்னொரு மோட்டார் வாங்கி வச்சுக்கலாமா?"

அந்தக் கேள்வியை அப்படியே தீர்மானமாக எழுதச் சொன்னேன். கிராம சபையில் எழுதப்படுவது எதுவும் தானாக நடந்துவிடாது. ஆனால் எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்க ஒரு பிடி இருக்கும். அந்த வருஷம்தான் நாலாக இருந்த கிராம சபையை ஆறு ஆக்கினார்கள், மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து. கேட்பதற்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

திங்கள்கிழமை மோட்டார் உள்ளே இறங்கியது. சாயங்காலம் குழாயில் முதலில் செம்மண் நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது.

பணம் கொடுக்கிற கட்டம் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. வேலையை அளந்து பார்க்கும் ஓவர்சீயர் வந்து பார்த்து, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பில் வர வேண்டும், மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஜூனில் செக் என்னிடம் வந்தது. பில்லில் புதுக் குழாய் 9 என்று இருந்தது. நோட்டைத் திறந்தேன். ஐந்துதான். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன்.

தலைவர் நேரில் வந்தார். "ஏம்மா, என்னைய நம்ப மாட்டியா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அந்த மூன்று நாளும் தூங்காமல் டிராக்டரோடு அலைந்தவர் அவர். "உங்களை நம்பாம இல்லண்ணே. பில்லுல இருக்கிறதும் நம்ம எண்ணுனதும் ஒத்து வரல. சாக்கு நம்பர் இன்னும் குழாயில இருக்கும், கழட்டுனதை எண்ணிப் பாருங்க" என்றேன். இரண்டு பேரும் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் எண்ணினோம். பழைய குழாய் ஐந்து கிடந்தது, மூன்றில் நீல எண் தெரிந்தது. கடையில் கேட்டபோது வேறொரு வேலையின் கணக்கு கலந்துவிட்டது என்றார்கள். திருத்திய பில் வந்தது, அன்றே கையெழுத்துப் போட்டேன். கழற்றிய ஐந்து குழாயையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். பழைய இரும்புக்கும் விலை உண்டு, அதுவும் ஊர்ச் சொத்து.

தலைவர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டிலும் "உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார்கள். இது நடக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பிறகு ஆகஸ்ட்டில் தெருவிளக்கு மாற்றும் வேலை வந்தபோது, தலைவரே கிளார்க்கிடம் "தங்கச்சியைக் கூப்பிட்டுக்க, கம்பத்துக்கு நம்பர் போடட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் பட்டதில் இதுதான் சின்னதாகத் தெரிந்து பெரிதாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே அரைப் பக்கம் காலியாக விட்டிருப்பார்கள், "அப்புறம் விரிவா எழுதிக்கலாம்" என்று. அப்படி விட்ட இடத்தில் நாம் பேசாத தீர்மானமும் ஏறலாம். கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு ஒன்று இழுத்து, தீர்மானம் மொத்தம் எத்தனை என்று எழுத்தால் எழுதி, அதை ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். முதல்முறை நான் கோடு இழுத்தபோது மற்ற உறுப்பினர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, படிக்கத் தெரியாத ஏழாம் வார்டு அக்கா கைநாட்டு வைக்கும் முன் "கோடு போட்டாச்சா?" என்று கேட்டார். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டு வரி வசூலுக்கு வார்டு உறுப்பினர்கள் எல்லாரும் கிளார்க்கோடு சேர்ந்து வாசல் வாசலாகப் போனோம். யாரையும் மிரட்டவில்லை, இரண்டாவது மோட்டாருக்கு என்று மட்டும் சொன்னோம். அந்த அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் ஆளாகக் கட்டினார். 2023 பிப்ரவரியில் ஸ்பேர் மோட்டார் வாங்கினோம். 2024 கோடையில் மறுபடி மோட்டார் எரிந்தது. காலையில் எரிந்தது, மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. டிராக்டரும் இல்லை, சண்டையும் இல்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரை ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில். ஒப்படைக்கும் நாளில் செக் புத்தகத்தில் மிச்சமிருந்த லீஃப்களை எண்ணி எழுதினோம். எதிலும் யாருடைய கையெழுத்தும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் மோட்டார், குழாய், பல்பு எல்லாம் சரிபார்த்தோம்.

அந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஊர்க்காரியாகப் போய்ப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன். வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், வாசித்தார்கள். ஸ்பேர் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆபரேட்டர் எழுந்து, "ஷெட்டுலதான் இருக்கு ஆத்தா" என்று சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.