கடலோரக் கடையில் கம்ப்யூட்டர்: தைலத்துக்கு முன் மேசையைத் திருப்புங்கள்

இராமேஸ்வரம் லாட்ஜ் ரிசப்ஷன், தொண்டி இ-சேவை மையம், கீழக்கரை டிராவல்ஸ் ஆபீஸ், எங்கே கேட்டாலும் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களின் புகார் ஒன்றுதான். பொழுது சாய்ந்தால் கண் எரிகிறது, பிடரி இழுக்கிறது, வலது கை மரத்துப் போகிறது. உடனே தைலம், சொட்டு மருந்து, புதுக் கண்ணாடி என்று செலவு தொடங்கிவிடும். அதற்கு முன்னால் மேசை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் காற்றுக்காகக் கதவை விரியத் திறந்து, வருகிற ஆள் தெரியட்டும் என்று வாசலைப் பார்த்து மேசை போடுவார்கள். அப்போது திரைக்குப் பின்னால் வெள்ளை மணலும் வெளிறிய வானமும் கண்ணைக் கூசவைக்கும். கூச்சத்தில் கண்மணி சுருங்கும், திரை மங்கலாகத் தெரியும், பிரைட்னஸை ஏற்றுவீர்கள், கண் இன்னும் களைக்கும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலோ தெரு முழுக்கத் திரையில் தெரியும். இரண்டும் வேண்டாம். வாசல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி மேசையைக் கால்வட்டம் திருப்பிப் போடுங்கள். தொண்டி, தேவிபட்டினம் போலக் கிழக்கே கடல் உள்ள ஊர்களில் காலை வெயில்தான் தொல்லை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தெற்கு பார்த்த கடைகளில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் பகல் முழுக்கத் தொல்லை. மேசையை நகர்த்தவே முடியாது என்றால் வாசலின் மேல்பாதிக்கு ஒரு கீற்றுத் தட்டி போதும்.

சோதிப்பது எளிது. திரையை அணைத்துவிட்டு வழக்கம்போல் உட்காருங்கள். கறுப்பில் எது பளிச்சென்று தெரிகிறதோ, டியூப்லைட்டோ வாசலோ, அதுதான் மறைக்கவேண்டியது. பிரைட்னஸுக்கு ஒரு வெள்ளைத் தாளைத் திரையோரம் பிடித்துப் பாருங்கள். திரையின் வெள்ளையும் தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரிந்தால் சரி. கரண்ட் போய் லேப்டாப் மட்டும் ஓடும் நேரத்தில் இன்வெர்ட்டரில் ஒரு விளக்காவது எரியட்டும்.

அடுத்தது ஃபேன். இவ்வளவு ஈரக் காற்றுள்ள ஊரில் கண் எப்படி வறளும் என்று கேட்பார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் 15 தடவை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகும், இமைப்பதும் முழுதாக மூடாமல் அரைகுறையாக நடக்கும். அந்த நேரத்தில் டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக அடித்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்துவிடும். ஃபேனைக் கழுத்துக்குக் கீழே, பக்கவாட்டில் திருப்புங்கள். ஏசி காற்றும் முகத்தில் விழக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பாருங்கள். கடற்கரையில் தூரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் தகதகக்கும் தண்ணீரைப் பார்க்கவேண்டாம், தெருக்கோடி வேப்பமரம் போதும். பார்க்கும்போதே நாலைந்து தடவை கண்ணை முழுதாக மூடித் திறங்கள்.

நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. 40 வயதை ஒட்டியவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வெள்ளெழுத்துக்கான பரிசோதனை. அதற்குப் போகும்போது உங்கள் திரை கண்ணிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். படிக்கிற தூரத்துக்குக் கொடுத்த பவர் திரைத் தூரத்துக்குப் பொருந்தாது.

சொட்டு மருந்தில் ஓர் எச்சரிக்கை. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று போட்டிருக்கும் செயற்கைக் கண்ணீர் பரவாயில்லை. சிவப்பு போகட்டும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், முதலில் சுகமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி பார்வை நரம்பையே கெடுக்கும், கண்புரையும் வரலாம். டாக்டர் எழுதித் தராமல் அதைத் தொடவே வேண்டாம்.

இனி நாற்காலி. கடை மேசை பெரும்பாலும் 30 அங்குல உயரம், பிளாஸ்டிக் சேரின் இருக்கை 17 அங்குலம் வரும். ஐந்தேகால் அடி ஆள் அதில் உட்கார்ந்தால் முழங்கை மேசைக்குக் கீழே நிற்கும். தோளைத் தூக்கிக்கொண்டுதான் டைப் அடிக்கவேண்டும், சாயங்காலப் பிடரி வலி இதிலிருந்துதான் வருகிறது. தோளைத் தளரவிட்டால் முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும் வரை இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். பஞ்சுத் தலையணை ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும், கயிற்று நார் மெத்தைத் துண்டு நிற்கும். உயர்த்தியபின் கால் தொங்கினால் பாதத்துக்குக் கீழே செங்கல் வரிசையோ பலகையோ வேண்டும். தொங்கும் கால் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். பிளாஸ்டிக் சேர் பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் இடுப்பு வளைந்து குழியும். ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் போடும் இடத்தில் வையுங்கள். கைப்பிடி மேசையில் இடித்து நெருங்க விடாவிட்டால் கைப்பிடி இல்லாத சேர்தான் நல்லது.

திரை கை நீட்டினால் எட்டும் தூரம், மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. பைஃபோகல், புரோகிரஸிவ் (ஒரே கண்ணாடியில் மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் உள்ள) கண்ணாடிக்காரர்கள் இன்னும் தாழ்த்தவேண்டும், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து போய்விடும். லேப்டாப்பைத் திரைக்காக உயர்த்தினால் கை உயரும், கைக்காகத் தாழ்த்தினால் கழுத்து குனியும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்குவது ஒன்றே வழி.

கை மரத்தால் எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது, ராத்திரி தூக்கத்தில் கூடும். மணிக்கட்டை மேலே மடித்து மேசையில் ஊன்றாதீர்கள், மவுஸை முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் என்றால் குற்றவாளி முழங்கை, கவுண்டர் கண்ணாடியின் கூர் விளிம்பில் ஊன்றுவதை நிறுத்தினாலே குறையும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். தட்கல் புக்கிங் நடக்கும் 10 மணிக்கும் 11 மணிக்கும் எல்லார் தோளும் காதுவரை ஏறியிருக்கும். டிக்கெட் கிடைக்கிறதோ இல்லையோ, தோளை இறக்கிவிடுங்கள்.

நாள் முழுக்கத் தமிழ் அடிப்பவர்களுக்குத் தமிழ்99 என்ற கீபோர்டு எழுத்தமைப்புதான் கைக்கு நல்லது. உயிரெழுத்து இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் பிரிந்திருப்பதால் இரு கைகளும் மாறிமாறி வேலை செய்யும். ஷிஃப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்குத்தான். ஆங்கில ஒலியில் அடித்தால் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் ஷிஃப்டை அழுத்தவேண்டும்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். பிரிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் தானாக எழுவீர்கள். தண்ணீர் விஷயத்தில் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கழிப்பறை இல்லாத கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வெயில் காலத்திலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அது சிறுநீர்த் தொற்றிலும் கல்லடைப்பிலும் கொண்டுபோய் விடுகிறது. நல்ல நாற்காலி வாங்குவதற்கு முன் கழிப்பறைக்கொரு ஏற்பாடு செய்யுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

கடைசியாக உப்பு. கடற்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் திரையிலும் மூக்குக்கண்ணாடியிலும் உப்பும் மணலும் படியும். மங்கலான திரையைப் பார்க்க ஆள் தானாக முன்னால் குனிவார். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கண்ணாடியை முதலில் தண்ணீரில் கழுவுங்கள், பிறகு பருத்தித் துணி. திரைக்கு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி. தண்ணீரைத் துணியில்தான் தெளிக்கவேண்டும், நேராகத் திரையில் தெளித்தால் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். ஈர உப்பு ஏறிய கீபோர்டின் பொத்தான்கள் இறுகிப்போகும், விரல் கூடுதல் பலம் கொடுத்தே வலிக்கும். கடை மூடும்போது ஒரு துணியால் மூடிவையுங்கள். இறுகியபிறகு குத்திக் குத்தி அடிப்பதைவிட விலை குறைந்த புது கீபோர்டு ஒன்று வாங்கிவிடுவது மேல்.