பாலத்தடிக் கூடு

ஜூன் 2, வால்பாறை
சீகாரப் பூங்குருவியின் மூன்றாவது முட்டை இன்று காலை. இளஞ்சிவப்புச் சாயலில் பொடிப்பொடிப் புள்ளிகள். பொரிய இதிலிருந்து 16 நாள், இல்லாவிட்டால் 17. கூட்டின் அடியிலிருந்து ஓடைத் தண்ணீருக்கு நாலு அடி.

ஜூன் 4
மழை இல்லை. நாலு அடிதான்.

ஜூன் 5
5.40-க்குப் பாட்டு தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் இதற்குச் 'சீட்டியடிக்கும் பள்ளிப் பையன்' என்று பேர் வைத்தார்கள். மெட்டு பாதியில் தொலைந்து, வேறெங்கோ போய் முளைக்கும். பாட்டைக் கேட்டு அங்கேயே நிற்கலாம். ஆனால் ஓடை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு 'க்ரீ' என்று ஊசிக்குரல் வந்தால், பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்வாங்க வேண்டும். இருபது மீட்டருக்குள் போகவே கூடாது.

நிழலில் சீகாரப் பூங்குருவி வெறும் கறுப்பு. வெயில் ஒரு கீற்று விழுந்தால்தான் நெற்றியும் தோளும் நீலமாக மின்னும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, இரண்டும் அடைகாக்கும். அதனால் இப்போது கூட்டில் இருப்பது எது என்று சொல்ல வழியில்லை.

ஜூன் 8
பாறையில் நண்டு. குருவி அதன் காலைக் கவ்வி அடித்தது. ஏழாவது அடியில் கால் கழன்று தெறித்தது. உடம்பை மறுபடி எடுத்து அடித்தது. ஓட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. கரைப் பாறைகளில் இப்படி நண்டுக்கால்கள் சிதறிக் கிடந்தால் பறவையைத் தேடி அலைய வேண்டாம், அங்கேயே காத்திருக்கலாம்.

அட்டைக்காகக் காலில் தேய்த்த புகையிலைத் தண்ணீரை ஓடையில் கழுவாதீர்கள். நண்டும் தவளையும் அந்தத் தண்ணீரில்தான்.

ஜூன் 10
படம் எடுக்க வந்தவர்கள் கைப்பேசியில் இதே பாட்டை ஓடவிட்டார்கள். இன்னொரு பறவை எல்லைக்குள் வந்துவிட்டதென்று இது எழுந்து தேடப் போனது. 19 நிமிடம் கூடு காலி. இந்த ஈரக் குளிரில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? பத்தொன்பது நிமிடம்!

ஜூன் 11
அடையில் உட்கார்ந்திருக்கிறது. அது போதும்.

ஜூன் 14
ராத்திரி முழுக்க மழை. ஒன்றரை அடி.

பழி மழைமேல் இல்லை. பாலத்தின் கீழ்வாயில் சில்வர் ஓக் கிளைகள் குறுக்கே மாட்டி, அதன்மேல் இலையும் பிளாஸ்டிக் பையும் அப்பி, தண்ணீர் பின்னால் ஏறி நிற்கிறது. அடிக் கிளையை முதலில் உருவினால் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் பாயும், கீழே நிற்பவரையும் அடித்துக்கொண்டு போகும். கரையில் நின்று கொக்கிக் கம்பால் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாமல். கூடு பாசியும் சல்லிவேரும் சேறும்தான். அடி நனைந்தால் கரைந்துவிடும்.

மாலை இரண்டே கால் அடி.

ஜூன் 17
பதினைந்தாம் நாள். இரண்டு அடி.

ஜூன் 18
அலகில் புழுவோடு வந்தால் பொரிந்தது என்று பொருள். ஆறு முறை வந்தது. ஆறு முறையும் வெறும் அலகு.

ஜூன் 19
5.50. அலகில் வெளிறியதாக ஏதோ. முட்டை ஓடா, புழுவா, மூடுபனியில் பிடிபடவில்லை. மழை வலுக்கிறது. ஒரு அடி.