அருவிக்காரனிடம் பிடில் கற்க என்ன கொடுக்க வேண்டும்?

நார்வே நாட்டுப்புறக் கதைகளில் அருவிக்கு அடியில் குடியிருப்பவன் ஃபோஸெக்ரிம். ஓயாமல் பிடில் வாசிப்பான். ஏரிகளில் ஆளை இழுத்து மூழ்கடிக்கும் நொக்கென் இவனுக்குப் பங்காளி மாதிரி. ஆனால் இவன் கொலைகாரன் இல்லை, வாத்தியார். தட்சணையில் மட்டும் கறார்.

வியாழக்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல் போக வேண்டும். எந்த அருவியும் ஆகாது. தண்ணீர் வடக்கே பார்த்து ஓட வேண்டும். கொழுத்த வெள்ளைக் கிடாக்குட்டி ஒன்றை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே எறிய வேண்டும். ஆந்திரேயாஸ் ஃபாயே என்ற பாதிரியார் 1833-இல் வெளியிட்ட நார்வே கதைத் தொகுப்பில் இந்த முறை இருக்கிறது. இன்னொரு வழக்கில் கிடாவுக்குப் பதில் உப்புக்கண்டம் போட்ட ஆட்டுத்தொடை. அதையும் பக்கத்து வீட்டுக் களஞ்சியத்திலிருந்து திருடித்தான் கொண்டுவர வேண்டும், தொடர்ந்து நான்கு வியாழன். திருட்டு எதற்கென்று கதை சொல்வதில்லை.

கறி திருப்தியாக இருந்தால் மாணவனின் வலது கையைப் பிடித்து, விரல் நுனிகளில் ரத்தம் கசியும்வரை தந்திகள்மேல் முன்னும் பின்னும் இழுப்பான். அதோடு பாடம் முடிந்தது. பிறகு அந்த மாணவன் வாசித்தால் மரங்கள் ஆடும், அருவி விழாமல் நிற்கும். எலும்பில் கறி போதவில்லை என்றால்? சுருதி சேர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவான்.

கஞ்சனுக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது அவ்வளவு மோசமான பாடமாகத் தெரியவில்லை. நார்வேயின் நாட்டுப்புற வாத்தியமான ஹார்டாங்கர் பிடிலில் வில் படும் தந்தி நான்கு. அவற்றுக்கு அடியில், யாரும் தொடாமலே அதிரும் தந்திகள் இன்னும் நான்கைந்து. சுருதி அமைப்புகளோ இருபதுக்கு மேல். வழக்கமானது, மேற்கத்திய சுரப்பெயர்களில், கீழிருந்து மேலாக, ஏ-டி-ஏ-ஈ. 'பூத சுருதி'க்கு இரண்டாம் தந்தியை டி-யிலிருந்து ஈ-க்கு ஏற்றி, மேல் தந்தியை ஈ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறக்க வேண்டும். அடித்தந்திகளையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் அவை கூட ஒலிக்காது. மெட்டு மொட்டையாகக் கேட்கும்.

இந்தச் சுருதியில் வாசிப்பதுதான் நார்வேயின் ஹாலிங்டால் பக்கத்து 'ஃபானிதுல்லென்' என்ற மெட்டு. கல்யாண வீட்டில் இரண்டு பேர் கத்தியோடு மோதிக்கொண்டிருக்க, பீர் எடுக்க நிலவறைக்கு இறங்கியவர் அங்கே பீப்பாய்மேல் உட்கார்ந்து சாத்தான் வாசிப்பதைப் பார்த்தாராம். தாளம் போட்ட கால் குளம்புக்கால். 19-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ பக்தி இயக்கத்தினர் இந்தப் பிடிலையே சாத்தானின் வாத்தியம் என்றார்கள். பல பிடில்கள் தீக்கிரையாயின.

ஸ்வீடனில் சிக்கல் வேறு. ஆற்று மனிதன் ஸ்ட்ரோம்கார்லின் மெட்டுக்குப் பதினொரு வகை உண்டு. பத்துக்கு ஆடலாம். பதினொன்றாவது அவனுடைய கூட்டத்துக்கு மட்டுமே. அதைத் தொட்டால் மேசை, பெஞ்சு, கிழவர், தொட்டில் குழந்தை எல்லாம் ஆட ஆரம்பித்துவிடும். எல்ஃப் எனும் மாயக் கூட்டத்து ராஜாவின் மெட்டு என்று சொல்லப்படுவதிலும் இதே கதிதான். வாசிப்பவனாலேயே நிறுத்த முடியாது. அதற்கு மாற்று இரண்டு: மெட்டைக் கடைசியிலிருந்து தலைகீழாக ஒரு சுரமும் பிசகாமல் வாசிக்க வேண்டும், அல்லது யாராவது பின்னாலிருந்து வந்து தந்திகளை அறுக்க வேண்டும்.

நார்வேயின் டெலமார்க் பகுதிப் பிடில்காரர் தோர்கெய்ர் அவுகுன்ட்சன் (1801–1872) ஃபோஸெக்ரிமிடம் கற்றவர் என்று ஊர் நம்பியது. பட்டப்பெயரே 'மில்லர்குட்டென்', ஆலைக்காரர் பையன். தண்ணீர் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன் அப்படி வாசித்தால் ஊர் வேறென்ன சொல்லும்? 1849-இல் நார்வேயின் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஊலே புல் அவரைத் தலைநகர் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) மேடையேற்றினார். 1901 முதல் பெர்கனில் நிற்கும் ஊலே புல் சிலையின் காலடியிலும் அருவிக்காரன் இருக்கிறான். சிற்பி ஸ்டெஃபான் சின்டிங் அவன் கையில் கொடுத்தது மட்டும் பிடில் இல்லை, யாழ்.