ஆறு மாதக் கெடுவும் அம்மாவின் ஆறு வார்த்தையும்

ஆயுள் ஆறு மாதத்துக்குள் என்று டாக்டர் சான்று தந்தவருக்கு, குணப்படுத்த முயலாமல் வலி தணித்துப் பார்த்துக்கொள்வதுதான் ஹாஸ்பிஸ். அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஹாஸ்பிஸுக்குப் பணம் கொடுப்பது நாள் கணக்கில். நர்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், நோயாளி பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தொகை உண்டு. 2025 நிதியாண்டில் வீட்டில் வைத்துப் பார்க்கும் சாதாரணப் பராமரிப்புக்கு முதல் 60 நாள் தினம் 224 டாலர் சொச்சம், 61ஆம் நாளிலிருந்து 176 சொச்சம். ஊர்க் கூலி நிலவரப்படி இது கொஞ்சம் ஏறும், இறங்கும்.

புற்றுநோய் முற்றியவர் ஹாஸ்பிஸில் இருப்பது பெரும்பாலும் சில வாரம்தான். மார்ஃபின், ராத்திரி போன், அடிக்கடி நர்ஸ் என்று அந்தச் சில வாரமும் செலவு பிடிக்கும். டிமென்ஷியா (மறதி நோய்) முற்றியவருக்கு வாரம் இரண்டு மூன்று தடவை குளிப்பாட்ட ஓர் உதவியாளர், அவ்வப்போது நர்ஸ், டயப்பர், ஒரு கட்டில். இப்படியே மாதக்கணக்கில் ஓடும். யாருமே எட்டிப் பார்க்கவில்லை என்று புகார் சொல்லவும் அவரால் முடியாது. திருடனுக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

டெக்சாஸில் மெரிடா என்ற ஹாஸ்பிஸ் குழும உரிமையாளர் ரோட்னி மெஸ்கியாஸ் செய்தது இதுதான். அல்சைமரும் டிமென்ஷியாவும் உள்ளவர்களை, ஆயுள் ஆறு மாதத்துக்குள் என்று பொய் சொல்லிச் சேர்த்தார். கையெழுத்துப் போட்ட டாக்டர்களுக்கு லஞ்சம் போனது. 15 கோடி டாலர் மோசடி, 2020 டிசம்பரில் 20 ஆண்டு சிறை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 2010க்குப் பிறகு ஹாஸ்பிஸ் நிறுவனங்கள் 1,500 சதவீதம் பெருகியதாக கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2022இல் சொன்னார். அங்கே வான் நைஸ் பகுதியில் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஸ்பிஸ், வீட்டுப் பராமரிப்பு உரிமங்கள்!

இதற்கெல்லாம் ஒரு பூட்டு ஏற்கெனவே உண்டு. ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. 2025க்கு 34,465 டாலர். மேலே சொன்ன தினப்படியை 180 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 34,700 வரும். ஆக, ஆறு மாதம் தாண்டினால் அந்த நோயாளி கணக்கில் நஷ்டம். வரம்பைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பத்து நாளில் இறந்துபோகும் புற்றுநோயாளிகள் நிறையப் பேர் இருந்தால் ஈடுகட்டிவிடலாம். டிமென்ஷியா நோயாளிகளை மட்டுமே சேர்த்த நிறுவனம் வரம்பைத் தாண்டினால் இரண்டு வழி: ஐந்தாம் ஆறாம் மாதத்தில் 'நிலை சீராக இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிடுவது, அல்லது கடையை மூடி வேறு பெயரில் திறப்பது.

அந்த இரண்டாவது வழியை அடைக்கத்தான் 2023இலிருந்து விதிகள் இறுகின. அந்த ஜூலையிலிருந்து அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா, டெக்சாஸ் நான்கிலும் புது ஹாஸ்பிஸ்கள் கூடுதல் கண்காணிப்பில். 2024 ஜனவரியிலிருந்து, பதிவான 36 மாதத்துக்குள் பெரும்பான்மைப் பங்கு கைமாறினால் மெடிகேர் உரிமம் கூடவே போகாது. சான்று தரும் டாக்டரும் மெடிகேரில் பதிந்தவராகவோ, அதிலிருந்து முறைப்படி விலகியவராகவோ இருந்தாக வேண்டும். இவை நல்ல விதிகள். நேர்மையான நிறுவனத்துக்கு இவற்றால் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை வருவது, நீண்ட நாள் தங்கல் என்பதையே சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்ளும்போது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஹாஸ்பிஸில் 22 மாதம் இருந்தார். டிமென்ஷியாவுடன் வாழ்ந்த அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் சேர்ந்தது 2023 நவம்பர் 17, இறந்தது 19. எந்த டாக்டர் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்? 'நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதம்' என்ற விதி எண்பதுகளில் புற்றுநோயை மனதில் வைத்து எழுதியது. டிமென்ஷியா படிப்படியாக இறங்கும், நடுவே மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நிற்கும் அந்தக் காலத்தில் மெடிகேர் ஆய்வாளர் கோப்பைத் திறந்தால் இவர் தகுதியற்றவர். பணம் நின்றுவிடுமோ என்று நேர்மையான ஹாஸ்பிஸும் முந்திக்கொண்டு அனுப்பிவிடுகிறது. அன்றே நர்ஸ் இல்லை, உதவியாளர் இல்லை; கட்டிலையும் ஆக்சிஜனையும் எடுத்துப்போக வேன் வந்துவிடும். அடுத்த நிமோனியாவுக்கு 911, எமர்ஜென்சி, கையைக் கட்டிப்போட்டு ட்ரிப்ஸ்.

எதை வைத்துத் தகுதி பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கோப்பைக் காப்பாற்றலாம். டிமென்ஷியா எவ்வளவு முற்றியது என்று காட்டும் ஃபாஸ்ட் (FAST) அளவுகோலில் 7சி நிலை: உதவியில்லாமல் நடக்க முடியாது, பேச்சு ஆறு வார்த்தைக்குள். கூடவே கடந்த 12 மாதத்தில் ஒரு சிக்கல்: உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா, சிறுநீரகம் வரை ஏறிய தொற்று, செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் கடும் தொற்று), 3ஆம் 4ஆம் நிலைப் படுக்கைப்புண்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தும் திரும்பும் காய்ச்சல், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீத எடைக் குறைவு. இது அல்சைமருக்கு ஏற்ற வரிசை. ரத்தக்குழாய் டிமென்ஷியா, லூவி பாடி வகைகள் இந்த வரிசைப்படி இறங்குவதில்லை. பேச்சு இருக்கும், விழுங்க முடியாது.

தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கல். அம்மா நாள் முழுக்க 'வா, சாப்டியா' என்பதையே நாற்பது தடவை சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ் தெரியாத நர்ஸ் அதைக் கேட்டு 'வந்தவர்களோடு நன்றாகப் பேசுகிறார்' என்று குறித்துவிட்டுப் போவார். ஒரே சொற்றொடர்தான், எதிரே யார் இருந்தாலும் அதேதான் என்பதை நர்ஸ் இருக்கும்போதே சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

எடை பார்க்க நிறுத்த முடியாதவருக்கு மேல்கையின் சுற்றளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியில் டேப் வைத்து, எப்போதும் அதே கையில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்டிமீட்டரில். 'சாப்பாடு குறைந்துவிட்டது' என்ற வரிக்கு மதிப்பில்லை. 'மார்ச்சில் இரண்டு இட்லி, 20 நிமிடம். ஜூனில் மசித்த அரை இட்லி, 45 நிமிடம், மூன்று தடவை புரை' என்றால் ஆய்வாளர் மறுப்பது கடினம். சான்று முதலில் 90 நாள், மறுபடி 90, பிறகு 60 நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது சுற்றிலிருந்து டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ நேரில் பார்த்தாக வேண்டும். அந்த நாளில் இவற்றைக் குறித்த நோட்டு மேசைமேல் இருக்கட்டும்.

தகுதி முடிந்தது என்று அனுப்பினால், இரண்டு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதிலுள்ள எண்ணுக்கு, சேவை நிற்கும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் போன் செய்தால் அவசர மேல்முறையீடு. நண்பகலைத் தவறவிடுவது எளிது. அறிவிப்பு வெள்ளிக்கிழமை கையில் வந்தால் இன்னும் மோசம். 'நீங்களே விலகுவதாகக் கையெழுத்துப் போடுங்கள், எளிது' என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். நீங்களே விலகியதாக ஆகிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

உங்களைக் கேட்காமலே யாரோ ஹாஸ்பிஸில் சேர்த்துவிட்டிருந்தால் கதை வேறு. இலவச டயப்பர், மளிகை என்று வீடு தேடி வந்து மெடிகேர் எண்ணை வாங்கிப் போவார்கள். கண்புரை ஆபரேஷனுக்கோ மருந்துக்கோ போகும்போது 'நீங்கள் ஹாஸ்பிஸில் இருக்கிறீர்களே' என்பார்கள், அப்போதுதான் தெரியவரும். விலகல் கடிதம் எழுதிய நாளிலிருந்துதான் செல்லும். முன்தேதி போட முடியாது, பழைய பில்கள் அப்படியே நிற்கும். அதனால் 1-800-633-4227இல் மெடிகேரை அழைத்து, இது மோசடிச் சேர்க்கை, நாங்கள் கையெழுத்தே போடவில்லை என்று பதியச் சொல்லி, பேசியவர் பெயர், தேதி, புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.