ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்குக் கட்டி வந்தால்

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிற நாய் உங்கள் வீட்டில் இருந்தால், தினமும் அதன் பாதங்களைத் தூக்கி விரல் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள். புதிதாகச் சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் செம்பா நாட்டு நாய். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உண்ணிக் காய்ச்சல் வந்துபோன பிறகு அவளுடைய உடம்பே தன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்க ஆரம்பித்துவிட்டது. ஈறு வெளுத்துப்போய், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. டாக்டர் கொடுத்தது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே சைக்ளோஸ்போரின். அந்த இரண்டு மருந்தும்தான் அவளைக் காப்பாற்றின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவை வேலை செய்வதே எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான். ரத்தம் ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு வைக்கோல்போர் பக்கம் திரிய ஆரம்பித்த சமயத்தில் முன்னங்கால் விரல் இடுக்கில் கட்டி வந்தது.

சுண்டைக்காய் அளவு. முடி உதிர்ந்து, தோல் கருநீலமாக மினுங்கியது. அழுத்தினால் அவளுக்கு வலித்த மாதிரியே இல்லை. அப்புறம் அது உடைந்து, ரத்தம் கலந்த நீர் கசிந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, முள்ளு குத்தியிருக்கும், மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடுங்க" என்றாள். முள் குத்தியது என்று அவள் சொன்னது அநேகமாகச் சரிதான். மண்ணிலும் மக்கிய வைக்கோலிலும் காய்ந்த புல்லிலும் பூஞ்சை எப்போதும் இருக்கிறது. முள்ளோடு அது தோலுக்குள் போனால், திடமான நாயின் உடம்பு பெரும்பாலும் அங்கேயே அதை முடித்துவிடும். செம்பாவின் உடம்பில் அந்தக் காவலை நாங்களே மருந்து கொடுத்து நிறுத்தி வைத்திருந்தோம்.

எங்கள் டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் எழுதிவிடவில்லை. ஊசியால் கட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிற அணுக்களுக்கு நடுவே கணுக்கணுவாக, லேசான பழுப்பு நிறத்தில் இழைகள். "பாக்டீரியா இப்படி இருக்காதும்மா, இது பூஞ்சை" என்றார்.

அடுத்து அவர் செய்ததை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை வெட்டி எடுத்ததும், அதை இரண்டாக்கினார். ஒன்று, திசு கெடாமல் வைக்கிற ஃபார்மலினில் போனது. இன்னொன்றை ஃபார்மலின் படாமல், கிருமி நீக்கிய சலைனில் போட்டுத் தனியாக அனுப்பினார். ஃபார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும். திசுவில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கலாமே தவிர, அதை வளர்த்து இன்ன பூஞ்சை என்று கண்டுபிடிக்க முடியாது. இப்படி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பெயர் கர்வுலேரியா. புல், தானியப் பயிர்களில் சாதாரணமாக இருக்கிற கரும்பூஞ்சை வகை.

வீட்டில் பேத்தி இருப்பதால் அவளுக்கு ஒட்டுமா என்று பயந்தேன். இந்த வகை மண்ணிலிருந்து வருவது, நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் படர்தாமரை மாதிரி இல்லை என்றார். ஆனாலும் புண்ணைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

விரல் இடுக்கில் சுற்றியுள்ள சதையையும் சேர்த்துத் தாராளமாக வெட்ட முடியாது. அதனால் பூஞ்சைக்கான மருந்து, இட்ராகோனசோல் கேப்ஸ்யூல். புண் ஆறி, முடி முளைத்த பிறகும் நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் போகும், அப்படியும் திரும்ப வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டீராய்டையும் சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய நோய் திரும்பிவிடும். ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்.

இட்ராகோனசோல் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. முட்டையோ கோழி ஈரலோ வைத்துக் கொடுக்கிறேன். ஸ்டீராய்டுக்குத் துணையாக அவள் சாப்பிட்டுவந்த வயிற்றுப்புண் மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்தக் கேப்ஸ்யூல் கரைவதும் குறையுமாம். சைக்ளோஸ்போரின் அளவையும் குறைத்தார். இட்ராகோனசோல் சேரும்போது கல்லீரல் சைக்ளோஸ்போரினை மெதுவாகத்தான் வெளியேற்றும், பழைய அளவே தொடர்ந்தால் ரத்தத்தில் தேங்கிவிடும். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை அவ்வப்போது உண்டு. சாப்பாட்டை ஒதுக்கினாலோ வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் தனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். செம்பா இன்றைக்குக் காலையிலும் ஈரலை மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.