ஏசி வாங்க வெயில் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க

நம்ம சேலத்துல மார்ச் வந்தாலே வெயில் மண்டைய பொளக்குது, அப்பதான் எல்லாரும் ஆன்லைன்ல ஏசி தேடுறாங்க, அப்ப வெலையும் எறங்காது, மாட்டி விடுற ஆளும் லேசுல கெடைக்க மாட்டாரு. நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள பாருங்க, குடியரசு தின சேல்ல பழைய ஸ்டாக்க தள்ளி விடுவாங்க. ஆனா கரண்ட் எவ்வளவு மிச்சமாகும்னு காட்டுற ஸ்டார் ஸ்டிக்கர பாத்து வாங்கணும், 2026 ஜனவரி 1ல இருந்து ஸ்டார் ரேட்டிங் கணக்கையே இறுக்கிட்டாங்க, பழைய லேபிள்ல 5 ஸ்டார்னு இருந்தா அதுவும் புது 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல, கரண்ட் பில்லுல வித்தியாசம் தெரியும். அப்புறம் ஏசிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல 28ல இருந்து 18 சதவீதமா கொறைஞ்சுது, அதுக்கு முந்தின எம்ஆர்பிய வெட்டிக் காட்டி "தள்ளுபடி"ன்னு போட்டா நம்பாதீங்க.

ஏற்காட்டுல இருக்குறவங்களுக்கு இது அப்படியே தலைகீழ். ஸ்வெட்டர், கம்பளி, கீசர் எல்லாம் பனி விட்டப்புறம் பங்குனி சித்திரைல தேடுங்க, அப்ப கேக்க ஆள் இருக்காது.

போன்னா தீபாவளி சேல்தான், ஆப்பிள் வழக்கமா செப்டம்பர்ல புது ஐபோன் விடுறதுனால முந்துன மாடல் வெல எறங்கும், அடுத்தாப்லயே அமேசான், ஃப்ளிப்கார்ட் சேலும் வந்துரும். நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டி இல்லாத தவணைன்னு சொன்னாலும் ப்ராசசிங் ஃபீஸ், பேங்க் உள்ளுக்குள்ள போடுற வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரெண்டும் பெரும்பாலும் பில்லுல வரும், அதையும் கூட்டிப் பாருங்க.

துணிமணிக்கு மட்டும் நான் ஆன்லைன் பக்கம் போறதில்ல, ஆடித் தள்ளுபடி இங்க கடைலயே இருக்கு, தொட்டுப் பாத்தே எடுக்கலாம்.